திருவாலங்காட்டில் ஒருநாள் இறங்குங்கள்

அரக்கோணம் வண்டியில் நாள்தோறும் சென்னைக்குப் போய்வரும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,



உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே வருவேன். முப்பத்தொரு வருஷம் சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறேன். புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு, மணவூர், செஞ்சி பனம்பாக்கம், கடம்பத்தூர், ஏகாட்டூர், திருவள்ளூர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வண்டி எந்த இடத்தில் குலுங்கும், எந்த ஸ்டேஷனில் மல்லிகைக் கூடை ஏறும், எந்த மாதத்தில் எந்த வயல் பச்சையாக இருக்கும் என்பதெல்லாம் உங்களைப் போலவே எனக்கும் மனப்பாடம். ஆனால் அந்த முப்பத்தொரு வருஷத்தில் திருவாலங்காட்டில் நான் இறங்கியது ஒரே ஒரு தடவை. அதுவும் வண்டி பழுதாகி நின்றபோது, தண்ணீர் பிடிக்க.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனேன். அன்று தொடங்கியது இந்த மடல். கொஞ்சம் நீளம்தான். திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் படித்துவிடலாம்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்காலில் வணிகர் குடும்பத்தில் பிறந்து, வணிகனுக்கு வாழ்க்கைப்பட்ட புனிதவதி. வேண்டியதும் அவள் கையில் மாம்பழம் வந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். கணவன் பயந்து விலகிப்போன பிறகு அவள் தன் அழகையும் இளமையையும் வேண்டாமென்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டதும், கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனதும் பெரியபுராணத்தில் உண்டு. பிறகு அவள் வந்து தங்கிய இடம் எது? நாம் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் கடந்து போகிற இந்தத் திருவாலங்காடு. இந்த ஆலங்காட்டுச் சுடுகாட்டையும் கள்ளியையும் பேய்களையும், அவற்றின் நடுவே ஆடுகிறவனையும் இரண்டு பதிகங்களில் பாடிவைத்தாள். அவற்றுக்கு மூத்த திருப்பதிகம் என்று பெயர். தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னால் வந்தவள் என்பதால் 'மூத்த'. அவள் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிப்பதா என்று திருஞானசம்பந்தரே தயங்கி நின்றார் என்று சேக்கிழார் சொல்கிறார்.

தமிழில் பக்திப் பதிகம் என்ற வடிவமே இந்தப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது என்று படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பெண் வீட்டை விட்டு, ஊரை விட்டு, உருவத்தையும் விட்டுத் தனியாக வந்து, நம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியிருக்கிறாள். நாமும் வீட்டு வேலை பாதியில் இருக்க ஓடிவந்து வண்டி ஏறுகிறவர்கள்தானே. அவளை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

அதே ஊரில் 1905ஆம் ஆண்டு 31 செப்பேடுகள் கிடைத்தன. வளையத்தில் கோத்து, சோழ முத்திரை பதித்தவை. முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. சோழர்களின் வம்ச வரலாறு, கங்கை வரை போன படை, கடல் கடந்து கடாரம் கொண்டது எல்லாம் அதன் வடமொழிப் பகுதியில் இருக்கின்றன. இன்று பள்ளிப் புத்தகத்தில் சோழர் பாடத்தைப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தெரியாமலே திருவாலங்காட்டுச் செப்பேட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது. பழையனூர் என்றதும் உங்களுக்கு நீலி ஞாபகம் வந்திருக்கும். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறோமே, அந்த நீலி இந்தப் பழையனூர்க்காரி. நீலியால் உயிருக்கு ஆபத்து வராது என்று ஒரு வணிகனுக்குக் கொடுத்த வாக்குப் பொய்த்துப்போனதென்று எழுபது வேளாளர் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். கதையை நம்பலாம், நம்பாமல் போகலாம். வாக்குத் தவறினால் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்த ஓர் ஊர் நம் வழியில் இருக்கிறது.

திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரான்சு நாட்டின் பெருஞ்சிற்பி ரோடின் அதன் புகைப்படங்களை மட்டுமே பார்த்தார். பார்த்துவிட்டு அந்தத் திருமேனியின் கை, கால், இடை, நிழல் விழும் விதம் ஒவ்வொன்றையும் வியந்து எழுதினார். அவர் 1917இல் இறந்தார். அந்தக் கட்டுரை 1921இல்தான் அச்சில் வந்தது. இந்த ஊர்ப் பக்கமே வராத ஒருவர் படத்தைப் பார்த்து அப்படி உருகியிருக்கிறார். நாம் சென்ட்ரலில் இறங்கிப் பத்து நிமிஷ பஸ் பயணத்தில் நேரிலேயே பார்க்கலாம். சம்பளம் வாங்கிய ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் ஸ்டேஷன் பெயர் எழுதியிருக்கும் பலகையை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.

இனி மறுபக்கம் திரும்புகிறேன். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் போகும் பாதையில் முதல் ஊர் தக்கோலம். 949ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய போர் அங்கே நடந்தது. ஒரு பக்கம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பூதுகன். மறுபக்கம் முதலாம் பராந்தகனின் மகன், சோழ இளவரசன் இராசாதித்தன். யானை மேல் இருந்தபடியே இராசாதித்தன் செத்தான். கல்வெட்டுகளில் அவனுக்கு 'ஆனைமேல் துஞ்சின' என்ற அடைமொழியே நிலைத்துவிட்டது. ஆனைமங்கலச் செப்பேடு அவன் நெஞ்சில் அம்பு பாய்ந்ததைச் சொல்கிறது. பராந்தகன் கட்டிய பேரரசு சரிந்தது. தொண்டை நாடு கையை விட்டுப் போனது. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று கிருஷ்ணன் பட்டம் போட்டுக்கொண்டான். அந்த அடியிலிருந்து சோழர்கள் நிமிர்வதற்கு இராசராசன் வர வேண்டியிருந்தது.

எனக்கு இந்தப் போரில் அரசர்களைவிட இரண்டு சின்ன விஷயங்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஒன்று, ஒரு நாய். கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த ஒரு நடுகல்லில்தான் பூதுகன் இராசாதித்தனைக் கொன்ற செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல் எதற்காக நடப்பட்டது தெரியுமா? தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்ற வீரனுக்கு என்ன வேண்டுமென்று கேட்டபோது, அவன் அரசனிடம் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதிப் பன்றியும் நாயுமாகச் செத்துப்போயின. நாய்க்காக எடுத்த கல் அது. நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வென்ற பக்கத்து வீரன் ஒருவன் ஊர் திரும்பி ஒரு நாய்க்கு அழுதிருக்கிறான். அவன் அழுததால் நம் தக்கோலத்தின் பெயர் அங்கே கல்லில் நின்றுவிட்டது.

இன்னொன்று, தோற்ற பக்கத்தில் உயிரோடு மிஞ்சிப்போன ஒருவன். திருவொற்றியூர்க் கோயிலில் 959ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்தில் பிறந்து, கலைகள் கற்று, சோழ நாட்டுக்கு வந்து இராசாதித்தனுக்கு உயிர்த்தோழனாக இருந்தவர். போர்க்களத்தில் அவனோடு சேர்ந்து சாகக் கிடைக்கவில்லையே என்ற வெட்கத்தில் உலகத்தை வெறுத்துத் துறவியானார் என்கிறது அந்தக் கல்வெட்டு. இராசாதித்தனின் படைத்தலைவனாக இருந்து, திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமம் என்ற ஊரில் கோயில் எடுத்த வெள்ளன் குமரன்தான் இவர் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தோழன் செத்த இடத்தில் தான் இல்லை என்ற ஒரு நெருப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கை முழுவதும் ஒற்றியூர்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

தக்கோலத்தில் நான் பலரைக் கேட்டேன். போர் எங்கே நடந்தது? ஒருவர் ஆற்றங்கரை என்றார். இன்னொருவர் இரயிலடிக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். ஒரு பாட்டி, "எந்தச் சண்டை கண்ணு?" என்று திருப்பிக் கேட்டார். ஆனால் அண்மையில் ஒரு நல்லது நடந்தது. அங்கே இருக்கும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்துக்கு 2025இல் இராசாதித்த சோழன் பெயரை வைத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து அவன் பெயர் அவன் விழுந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறது. அங்கிருந்து நடைபோடும் இளைஞர்கள் வேறு வேறு மாநிலத்துப் பிள்ளைகள். அந்தப் பெயர் யாருடையது என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு ஊரில் நாலு பேராவது இருக்க வேண்டாமா?

தக்கோலத்துச் சலநாதீசுவரர் கோயிலுக்குத் தேவாரத்தில் திருவூறல் என்று பெயர். சம்பந்தர் பாடிய தலம். தண்ணீர் ஊறுகிற இடம் என்பதால் ஊறல். அதற்குப் பக்கத்தில் கேசாவரம் அணைக்கட்டு. கொசத்தலை ஆற்றுத் தண்ணீர் அங்கே பிரிகிறது. ஒரு கிளை பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இன்னொரு கிளைதான் கூவம். ஆமாம், சென்ட்ரலை விட்டு வெளியே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கிற அதே கூவம். அது நம் பக்கத்தில் புறப்படும்போது சுத்தமான ஆற்றுத் தண்ணீர். நாமும் அதுவும் ஒரே திசையில் பிழைப்புக்குப் போகிறோம்.

பூண்டிக்குப் போகிற கிளையின் கதை இன்னும் பெரிது. கொசத்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற ஊர். 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் முதலில் மே மாதம் பல்லாவரத்திலும், பிறகு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் தொல்பழங்காலத்தைப் பற்றிய படிப்பே அங்கிருந்து தொடங்கியது. பிறகு சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டு அகழ்ந்து ஆராய்ந்ததில், அங்கே கல்லைக் கொத்திக் கருவி செய்த மனித மூதாதையர் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தது 2011இல் தெரியவந்தது. அடுத்த கட்டக் கருவிகள் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018இல் அறிவித்தார்கள். உலகம் முழுக்க அந்தச் செய்தி பேசப்பட்டது. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கையளவு கல் ஒன்றை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். நம் அம்மிக் குழவியைக் கைக்கு வாகாகக் கொத்தித் தருவார்களே, அதே வாகு அதில் இருந்தது.

மேற்கே போனால் காட்பாடிப் பாதையில் மகேந்திரவாடி என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. பாசஞ்சர் மட்டும் நிற்கும். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 1400 ஆண்டுகளுக்கு முன்பு ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் அந்த ஊரில் இருக்கிறது. ஊருக்கு மகேந்திரபுரம், ஏரிக்கு மகேந்திர தடாகம், கோயிலுக்கு மகேந்திர விஷ்ணுகிருகம் என்று அவனே பெயர் வைத்துத் தூணில் வெட்டியிருக்கிறான். சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் அந்த ஒரு பாறை. நான் போன அன்று பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன. ஒரு பையன் தூணில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. 1400 வருஷமாக ஊர்ப் பிள்ளைகள் அந்தத் தூணில் சாய்ந்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

திருத்தணியை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 365 படியும் உங்கள் முழங்காலுக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு வண்டியில் இடம் பிடித்திருக்கிறீர்கள். டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுகிற படித்திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தார் என்பதும் பலருக்குத் தெரியும். முத்துசாமி தீட்சிதர் முதல் கீர்த்தனையைப் பாடியது அந்த மலையில்தான். ஆனால் மலைக்குக் கீழே வீரட்டானேசுவரர் கோயிலுக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? நான் கேட்டுப் பார்த்தவரை பத்தில் ஒருவர்கூட இல்லை. பல்லவர் வரிசையின் கடைசி அரசன் அபராசிதன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், நம்பி அப்பி என்பவர் எடுத்த கற்றளி அது. பின்பக்கம் யானை படுத்தாற்போல் வளைந்த விமானம். அரசனே பாடிய தமிழ் வெண்பா ஒன்று அங்கே கல்வெட்டாக இருக்கிறது. இது சாதாரணம் இல்லை. கோயிலுக்கு ஆடு கொடுத்த அரசர்கள், பொன் கொடுத்த அரசர்கள் உண்டு. வெண்பா கொடுத்த அரசன் எத்தனை பேர்? அந்த அபராசிதனைத்தான் சில வருஷங்களில் முதலாம் ஆதித்த சோழன் போரில் முடித்துவைத்தான். ஆட்சி போய்விட்டது. வெண்பா திருத்தணியில் இருக்கிறது.

இவ்வளவும் ஒரே ஒரு ரயில் சந்திப்பைச் சுற்றி, ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். இங்கே யாரும் வருவதில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்தேன். என் மனத்துக்குப் பட்ட காரணத்தைச் சொல்கிறேன். நம் பகுதியை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆளே இல்லாமல் போய்விட்டது.

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் அரக்கோணமும் திருத்தணியும் ஒன்றாக இருந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது அது ஆந்திராவில் மாட்டிக்கொண்டது. ம.பொ.சி.யும், ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மங்கலங்கிழாரும், பெயர் தெரியாத எத்தனையோ தொண்டர்களும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையை ஏற்று 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்குத் திரும்பி வந்தது. வந்த பிறகு செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். அரக்கோணமோ வடஆர்க்காடு, வேலூர் என்று மாறி, 2019இல் இராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயிற்று. இன்று திருவாலங்காடு ஒரு மாவட்டம், அடுத்திருக்கும் தக்கோலம் இன்னொரு மாவட்டம். கேட்டால், அது அடுத்த மாவட்டத்துக்காரர்கள் பொறுப்பு என்று இரண்டு மாவட்டத்து அலுவலர்களும் சொல்லலாம். சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானம் கொடுத்தால் பெண்யானையை நடக்கவிட்டு எல்லை குறித்து, கல்லும் கள்ளியும் நடுவார்கள். நம் காலத்து எல்லைக்கோடுகள் காகிதத்தில் ஓடுகின்றன. இந்தக் கோடுகள் எல்லாவற்றையும் தினமும் இரண்டு தடவை தாண்டுகிறவர்கள் நாம் மட்டும்தான். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை நம்மைத் தைத்து வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த மடலை எந்த அலுவலகத்துக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது எனக்குச் சுமையாக இருக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் ஏரியில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. ஓர் ஆள் உயரம் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க எழுத்து. சின்ன வயதில் அதன் மேல்தான் துணி துவைப்போம். சோப்பு நுரை வடியும்போது எழுத்துப் பள்ளங்களில் மட்டும் வெள்ளையாக நிற்கும். என் விரலை வைத்து அந்த வளைவுகளை இழுத்துப் பார்த்திருக்கிறேன். 'ட' மாதிரி ஒன்று, 'ப' மாதிரி ஒன்று, மற்றதெல்லாம் புரியாது. பல வருஷம் கழித்து ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்தினார்கள். ஒருநாள் காலை வண்டிக்கு ஓடும்போது பார்த்தேன். அந்தக் கல்லில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையில் கேமரா உள்ள செல்போன் இருந்தது. ஒரு நிமிஷம் நின்று ஒரு படம் எடுத்திருக்கலாம். "ஐயா, இதை விட்டுவிடுங்கள், எழுத்து இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். வண்டி போய்விடும் என்று ஓடிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வரும்போது அது ஜல்லியாகக் கிடந்தது.

அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஏரி மதகுக் கல்லில் யார் அந்த மதகை வைத்தார், எந்த அரசன் காலம், தண்ணீரை யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று எழுதி வைப்பார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயராகவும் இருந்திருக்கலாம். எங்கள் ஊரின் பழைய பெயரே அதில் இருந்திருக்கலாம். ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டி உண்டு என்பது முப்பத்தொரு வருஷம் பயணம் செய்த எனக்குத் தெரியாததா? சதுரானன பண்டிதரை நினைத்தால் தொண்டை அடைக்கிறது என்றேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கல்லை உடைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியாது, சொல்லத் தெரிந்தவர்கள் நிற்கவில்லை. அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் ஊரில் ஏரிக்கரையில், அய்யனார் கோயில் வாசலில், அரசமரத்தடியில், பாழடைந்த சத்திரத்தில் எழுத்துள்ள கல்லோ, வில்லும் வாளும் பிடித்த ஆள் செதுக்கிய கல்லோ இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ எடுங்கள். சாய்வாக விழும் வெளிச்சத்தில்தான் எழுத்து எழுந்து நிற்கும். எழுத்துத் தெரியட்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள், கல்லை ஆணியால் சுரண்டாதீர்கள். இடம் எது என்று குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் கொடுத்து, தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சிலையோ காசோ செப்பேடோ கிடைத்தால் மறைக்க வேண்டாம். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். திருவாலங்காட்டுச் செப்பேட்டை அன்று கண்டவர் யாராவது உருக்கிப் பாத்திரமாக்கியிருந்தால் நமக்கு இராசேந்திரனைப் பற்றித் தெரிந்ததில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கோயில் திருப்பணி நடக்கும் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்தியில் குறை சொல்ல நான் யார்? என் வீட்டிலும் குடமுழுக்குக்கு நன்கொடை கொடுத்திருக்கிறோம். ஆனால் அழுக்குப் போக வேண்டுமென்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் கல்லின் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும். எனாமல் பெயின்ட் அடித்தால் எழுத்து மூடிப்போகும், கல்லும் மூச்சு விடாது. கல்வெட்டுள்ள சுவரில் டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரில் விளக்கெரிக்க ஆடு கொடுத்த யாரோ ஓர் அம்மாவின் பெயர் ஆயிரம் வருஷமாக இருக்கிறது. நாம் உபயம் என்று நம் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஆசையில் அவள் பெயரை அழித்துவிடக் கூடாது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. ரோடு, தெருவிளக்கு, தண்ணீர் கேட்டு முடித்த பிறகு, நம் ஊர்க் கல் இது, இதை யாரும் நகர்த்தக் கூடாது என்று ஒரு வரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை சாலைக்கு அளவெடுக்க வருகிறவர் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுக்கலாம்.

ஆசிரியைகள் சிலர் நம் பெட்டியில் வருகிறீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இராசாதித்தனின் கதையையும் காளி என்ற நாயின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் என் பேத்திக்குச் சொன்னேன். அரசனை மறந்துவிட்டாள். நாய்க்குக் கல் வைத்த ஊர் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் தொடங்கினால் போதும்.

மார்கழித் திருவாதிரை திருவாலங்காட்டில் பெரிய விசேஷம், கூட்டம் தாங்காது. அது முடிந்த பிறகு ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை போவதே நல்லது. பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு காலை அரக்கோணத்திலிருந்து புறப்படும் ஏழு மணி வாக்கு வண்டியில், சென்னைப் பக்க முதல் மகளிர் பெட்டியில் இருப்பேன். நான்காவது ஸ்டேஷன் வரை போக வேண்டியதில்லை. மூன்றாவதிலேயே இறங்கிவிடலாம். வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீரும், வெயிலுக்குத் துண்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளைகளில் கேள்வி கேட்கிற பிள்ளை எதுவோ அதையும் கூட்டிவாருங்கள். கோயிலைப் பார்த்துவிட்டுப் பழையனூருக்கு நடந்து போய், மத்தியான வண்டிக்குத் திரும்பிவிடலாம். கட்டுச்சோறு நான் கொண்டுவருகிறேன். புளிசாதம்.

அன்புடன்,
ஜன்னலோரத்துச் சீட்டில் உங்களோடு வந்த ஒருத்தி